டைஃபூன் என்றால் நம்ம ஊர்ப் புயல்தானா?

குமரிக் கரையில், சின்னத்துறையில் இருக்கும் என் சித்தியின் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். போன வருசம் செப்டம்பரில் தென்சீனக் கடலிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "டைஃபூன் வருது அம்மா, கப்பல வேற வழியா திருப்பிட்டோம், பயப்படாத." சித்தி அதை மூன்று தடவை போட்டுக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மக்ளே, டைபூன்னா என்னது? நம்ம ஒக்கி மாதிரியா?"

ஒக்கிப் புயல் மாதிரியேதான். வெதுவெதுப்பான கடலில் காற்றழுத்தம் குறைந்து, சுற்றிலும் இருந்து காற்று சுழன்று பாய்வதால் உருவாகிற ஒன்றுக்கே கடலுக்குக் கடல் வேறு பெயர். வடமேற்குப் பசிபிக்கில் டைஃபூன், அட்லாண்டிக்கில் ஹரிகேன், நம் இந்தியப் பெருங்கடலில் சைக்ளோன். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பசிபிக்கில் காற்று மணிக்கு 118 கிலோமீட்டரைத் தொட்டால்தான் டைஃபூன் என்பார்கள். நம் வானிலைத் துறை 62 கிலோமீட்டரிலேயே புயல் என்று சொல்லிவிடும். 89-இல் தீவிரப் புயல். 118-இல் மிகத் தீவிரப் புயல். ஆகவே, ஜப்பானுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ டைஃபூன் வருகிறது என்று செய்தி வந்தால், நம் கணக்கில் அது மிகத் தீவிரப் புயலாகவோ அதற்கும் மேலாகவோ இருக்கும்.

சைக்ளோன் என்ற சொல் பிறந்த கதை தெளிவானது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து, 1848-இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் அந்தப் பெயரைத் தந்தார். டைஃபூனுக்கு அப்படி ஒரே தாய் கிடையாது. கிரேக்கப் புராணத்தில் புயற்காற்றுகளுக்குத் தகப்பனான டைஃபோன் என்ற அரக்கன் ஒரு பக்கம். சீனத்தின் கான்டன் பேச்சில் பெருங்காற்றைச் சொல்லும் தாய்ஃபுங் இன்னொரு பக்கம். நடுவில் அரபுக்காரர்களின் தூஃபான். போர்ச்சுகீசிய மாலுமிகள் வாயில் அது துஃபாவ் ஆனது. கடலோடிகள் துறைமுகம் துறைமுகமாக எடுத்துப் போய், ஒன்றோடொன்று உரசி உருவான சொல் இது.

இதில் நான் அதிகம் நின்று யோசிப்பது தூஃபானிடம்தான். அரபியில் அதற்குப் பெருவெள்ளம் என்று பொருள். நூஹ் நபி காலத்து வெள்ளத்தைக் குர்ஆன் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. அப்படியென்றால், டைஃபூனின் வேரில் தண்ணீரும் கிடக்கிறது.

நம் புயலும் அப்படித்தான். பழந்தமிழில் புயல் என்றால் மேகம், மழை.

"ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும்
வாரி வளங்குன்றிக் கால்"

மழை என்னும் வருவாய் குறைந்தால் உழவர் ஏர் பூட்டமாட்டார் என்கிறார் வள்ளுவர். அங்கே புயல் அழிக்க வரவில்லை, சோறு போட வருகிறது. காற்றுக்கு வளி என்று தனிச்சொல் இருந்தது. சூறையும் வளியும் சேர்ந்தது சூறாவளி. சூறையாடு என்கிறோமே, அதே சூறை. டைஃபூனுக்குச் சூறாவளி என்று எழுதுகிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லில் காற்று மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் புயலே போதும். எந்தக் கடல் என்று சொல்ல வேண்டுமானால் பசிபிக் புயல் என்று எழுதலாம்.

இதைச் சொல் ஆராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் கரையேறியது. பல நாள்களாகச் செயற்கைக்கோள்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. பாதை தெரியும், வேகம் தெரியும். கடல் 7 மீட்டர் வரை உயரலாம் என்று அந்நாட்டு வானிலை மையம் எச்சரித்தும் இருந்தது. புயல் கடல்நீரைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் ஏற்றுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற அறிவியல் பெயரையே எச்சரிக்கையில் போட்டார்கள். தக்லோபான் நகரத்து மக்களில் பலருக்கு அந்தச் சொல் புரியவில்லை. காற்றுக்குத் தாங்கும் கட்டடங்களில் போய் ஒதுங்கினார்கள், தண்ணீர் வந்தது. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்தப் புயலில் 6,300 பேர் இறந்தார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில், குளச்சலிலும் மணக்குடியிலும் சுனாமி என்ற சொல்லே நமக்குத் தெரியாது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எவ்வளவு பேரைக் கொடுத்து அந்தச் சொல்லை வாங்கினோம்.

ஒக்கியிலும் சொல்லின் பங்கு இருந்ததாகவே நினைக்கிறேன். 2017 நவம்பர் 29-இல் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில்தான் புயல் என்று பெயர் வந்தது. அதற்குள் குமரிக் கடலில் காற்று வெறி பிடித்துவிட்டது. பல நாள் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் படகுகளுக்கு எந்தச் சொல்லும் எட்டாத தூரம் அது. கரையில் இருந்து கிளம்பப் போகிறவருக்காவது, 'தாழ்வு' என்ற சொல் என்ன பயத்தைக் கொடுக்கும்? வானிலைக்காரர் அழுத்தத்தின் தாழ்வைச் சொல்கிறார். கேட்கிறவர் காதில் ஆபத்தும் தாழ்வாகத்தான் விழுகிறது.

கடல் ஊருக்குள் ஏறுவதற்கு நம் செய்திகள் 'கடல் சீற்றம்' என்று எழுதுகின்றன. பெரிய அலை அடித்தாலும் சீற்றம், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் சீற்றம். கடற்கரையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "கடல் ஏறிட்டு" என்பார்கள். அதிலிருந்து கடலேற்றம் என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கரைச்சொல் அறிவியலுக்கு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. காற்றே இல்லாத நாளில், தென்கடலின் தொலைவில் பிறந்து திருடன் போல வந்து ஏறும் அலைக்குக் கேரளக் கரையிலும் நம் கரையிலும் கள்ளக்கடல் என்று பெயர். இன்று ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் தன் எச்சரிக்கையில் அதே சொல்லைப் போடுகிறது.

அன்று சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஹையானில் கடலேற்றம் 5 மீட்டருக்கு மேல் இருந்தது என்று மட்டும் சொன்னேன். போனைக் கையில் வைத்தபடியே அவள் வாசலுக்குப் போய்த் தெருமுனையில் நிற்கும் சிலுவைக் கோயிலைப் பார்த்தாள். "அப்பம் நம்ம குருசடி முங்கிரும்லா, மக்ளே" என்றாள்.