சர்க்குலர் ப்ரீத்திங்: தொடர்மூச்சு

மூச்சு வாங்குவதற்காக ஒலியை நிறுத்தாமல் காற்றுக் கருவியை ஊதிக்கொண்டே போகும் முறை இது. வளையத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'சிர்குலுஸ்' இதன் வேர். அதனால் 'வட்டச் சுவாசம்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். ஆனால் காற்று எங்கும் வட்டமடிப்பதில்லை. மூக்கால் உள்ளே போகிறது, வாயால் வெளியே வருகிறது, அவ்வளவுதான். தமிழில் 'தொடர்மூச்சு' என்பதே பொருந்தும். நாகஸ்வரத்துக்கு ஒத்து (ஒரே சுருதியை விடாமல் ஒலிக்கும் துணைக்குழல்) ஊதியவர்கள் காலங்காலமாகச் செய்தது இதைத்தான்.

நுரையீரல் காலியாகும் முன்பே கன்னத்தை உப்பிக் காற்றைச் சேமிக்க வேண்டும். அடிநாக்கை அண்ணத்தின் பின்பகுதியோடு ஒட்டித் வாய்க்கும் தொண்டைக்கும் இடையிலான வழியை அடைத்து, கன்னத்தை அமுக்கி ஊதியபடியே மூக்கால் சட்டென்று இழுக்க வேண்டும். பழக, ஒரு தம்ளர் தண்ணீரும் ஸ்ட்ராவும் போதும்: குமிழி நிற்கக் கூடாது. பிறகு மவுத்பீஸ் (கருவியில் வாய் வைத்து ஊதும் பகுதி) மட்டும், கடைசியில்தான் முழுக் கருவி.

கன்னத்துக்கு மாறும் நொடியில் சுருதி இறங்கும். கன்னம் உப்பும்போது உதட்டோரப் பிடி தளர்வதும், கன்னத்தின் அழுத்தம் போதாமல் போவதும் காரணம். நீண்ட ஒற்றை ஸ்வரத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். வேகமான ஸ்வரக் கோவையில் மறைந்துவிடும். ஆகவே முதலில் வேகக் கோவைகளில் பழகுவது நல்லது. கீழ் ஸ்தாயிக்குக் காற்று அதிகம் செலவாகும் என்பதால் அதைக் கடைசிக்கு வைக்கலாம்.

அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் 1975இல் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் காலின் ஸ்டெட்சனின் இசை நிற்பதே இந்த உத்தியின் மேல்தான். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய பாஸ் சாக்ஸபோனில் விடாமல் சுழலும் கோவைகளை ஊதுவார். விசைகளின் தட்டல்தான் தாளம். தொண்டையில் கட்டிய மைக் அவர் முனகலைப் பிடிக்கும். 2011இல் வந்த 'நியூ ஹிஸ்டரி வார்ஃபேர்' இசைத்தட்டு வரிசையின் இரண்டாம் தொகுதியில், லூப் (பதிந்த துண்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுவது) எதுவும் இல்லாமல், பல மைக்குகளை வைத்து இவையனைத்தையும் ஒரே ஊதலில் பதிவு செய்தார். ஒன்று கவனியுங்கள்: மூக்கால் இழுக்கும் நொடியில் குரல் நின்றாக வேண்டும். ஒலி தொடரும், முனகல் மட்டும் துண்டுதுண்டாக வரும்.

'ஹெரிடிட்டரி' (2018), 'தி மெனு' (2022) படங்களுக்கு இசையமைத்தவரும் இவரே. மனிதன் ஊதும் ஒலியில் மூச்சுக்கான இடைவெளியைக் காது தானாகவே எதிர்பார்க்கும். அது வராமலே போனால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். திகில் படத்துக்கு வேறென்ன வேண்டும்?