குழந்தை இன்னும் உட்காரவில்லையா? இலவசமாகப் பார்த்துச் சொல்ல அரசு மையம் இருக்கிறது

“எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் லேட்டாத்தான் நடக்கும்.” பாட்டிமார் சொல்வது பல நேரம் சரியாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது சுமார் 4 முதல் 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், பதினேழரை மாதத்திலும் வரலாம். சில பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஆனால் 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, இன்னொரு கையை மூடியே வைத்திருந்தாலும் அப்படித்தான். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வேறு: இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், 8 மாதப் பிள்ளையை 6 மாதப் பிள்ளையாக எண்ண வேண்டும். 2 வயது வரை இப்படித்தான் கழித்துப் பார்ப்பார்கள்.

இதற்கான மத்திய அரசுத் திட்டம் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம், சுருக்கமாக ஆர்.பி.எஸ்.கே. 2013இல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை சுமார் 30 வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்புவது இதன் வேலை. வளைபாதம் (பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பியிருப்பது), பிறவி இடுப்பு மூட்டு விலகல், அசைவு வளர்ச்சித் தாமதம், நரம்பு-தசைக் குறைபாடு எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். வேன் வருகிற நாளில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் என்று குறித்தால், அனுப்புகிற இடம் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இருக்கும். ஆங்கிலச் சுருக்கத்தில் “டி.இ.ஐ.சி. எங்கே?” என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர் என்கிற பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது திட்டம். வேன் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பரிந்துரைச் சீட்டு வாங்கிப் போகலாம்.

அங்கே முதல் நாள் ஊசி, ஸ்கேன் என்று பயப்பட வேண்டாம். பிசியோ பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, இரு கையையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பார். தலை கூடவே வருகிறதா, பின்னால் தொங்குகிறதா? அப்புறம் குப்புறப் போடுவார். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவம் நினைவிருக்கிறதா? கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. அவர் தேடுவதும் ஏறக்குறைய அதைத்தான். பிறகு அம்மாவிடம் கேள்விகள்: “துணி மாத்தும்போது தொடையை விரிக்க முடியுதாம்மா? கால் ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்குதா?” தினமும் துணி மாற்றுகிறவருக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

பயிற்சியில் பாதிக்கு மேல் வீட்டு வேலைதான். எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, விழித்திருக்கும்போது எவ்வளவு நேரம் குப்புறப் போடுவது என்று சொல்லித் தருவார்கள். வாரம் ஒரு நாள் மையத்தில் செய்துவிட்டு மற்ற ஆறு நாள் விட்டுவிட்டால் பெரிய பயன் இருக்காது. இடையில் உறவினர் வாங்கித் தரும் உட்கார்ந்து உருளும் வாக்கர் நடையைக் கற்றுத் தராது; விழுந்து அடிபடவும் வைக்கும். நம் பழைய மர நடைவண்டி வேறு, அதைப் பிள்ளை நின்றுகொண்டு தள்ளுகிறது.

வளைபாதத்துக்கு மட்டும் பிறந்த முதல் வாரங்களிலேயே போய்விட வேண்டும். வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு கட்டு, பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பின்பு கம்பி வைத்த ஷூ: முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் 4 வயது வரை தூங்கும்போது. கால் நேரானதும் பலர் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பாதம் திரும்பவும் வளைகிறது.

ஊனச் சான்றிதழ் இருந்தால்தான் பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தேகம் போதும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே எல்லாக் குழந்தைகளையும் வருடம் ஒரு முறையாவது பரிசோதிக்கச் சொல்கிறது. சான்றிதழும் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மற்ற உதவிகளுக்கு வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு நிராமயா என்ற காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் சேரும். பள்ளி வயது வந்ததும் தமிழ்நாட்டில் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். உள்ளடக்கிய கல்வியின் கீழ் அங்கே பிசியோ பயிற்சி உண்டு, வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரவும் வழி இருக்கிறது.

போகும்போது தாய்-சேய் நல அட்டையும், பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும். இன்னொன்று: வீட்டில் பிள்ளை விளையாடுவதை இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அழுகிற பிள்ளை எதையும் செய்து காட்டாது.