மூன்று கேமராவிலும் 5600, முகம் மட்டும் மூன்று நிறம்

ஒரு மணி பத்து நிமிட நேர்காணல். எதிரெதிரே அமர்ந்த இருவர், மூன்று கேமராக்கள், பக்கவாட்டில் ஒரு பெரிய சன்னல். வண்ணத் திருத்தத்திற்காகக் கடந்த வாரம் என் மேசைக்கு வந்த இந்தப் பதிவை டைம்லைனில் ஏற்றி ஓடவிட்டேன். முதல் கேமராவில் இயல்பாக இருந்த விருந்தினரின் முகம் இரண்டாம் கேமராவுக்கு மாறியதும் இளஞ்சிவப்பாகியது; மூன்றாம் கேமராவுக்கு வந்தபோது நோயில் கிடந்து எழுந்தவர்போல அதில் பச்சை படிந்திருந்தது. ஒரே நாற்காலி, ஒரே சட்டை, ஒரே பதில். ஆனால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் ஆள் மூன்று முறை மாறிவிட்டார். எடுத்தவரை அழைத்துக் கேட்டேன். ‘மூன்றிலும் 5600தான் வைத்தேன் அண்ணா, ஒவ்வொன்றாக நானே பார்த்தேன்’ என்றார். 5600 என்பது வொயிட் பேலன்ஸில், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்காக ஒளியின் நிறத்தைக் கேமராவுக்குச் சொல்லும் அமைப்பில், அவர் வைத்த கெல்வின் எண். அவர் பொய் சொல்லவில்லை. கிளிப்புகளோடு பதிவாகியிருந்த தகவலிலும் அப்படியே இருந்தது. இந்த மாதத்தில் இதே பதிலை நான் கேட்பது இது நான்காவது முறை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேமராவில் நாம் வைக்கும் கெல்வின் எண் எதையும் அளந்து சொல்வதில்லை. ‘இங்கே விழும் ஒளி இப்படிப்பட்டது என்று வைத்துக்கொள்’ என்று கேமராவிடம் நாம் சொல்லும் ஓர் அனுமானம் மட்டுமே அது. அதைக் கேட்டுக்கொண்ட கேமரா, பச்சைச் சேனலுக்கு ஈடாகச் சிவப்பையும் நீலத்தையும் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தன்னிடம் உள்ள கணக்கின்படி முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு அந்தந்த நிறுவனம் தன் சென்சாருக்காகத் தானே வகுத்துக்கொண்டது. சென்சாரின் மேல் படிந்துள்ள வண்ண வடிகட்டிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, பல வேளைகளில் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடலும் வேறு. அவற்றின் வழியே வந்த சமிக்ஞையைப் பார்க்கத் தக்க நிறமாக மாற்றும் முறையும் வேறு. ‘மீடியம்’ என்று எழுதிய இரண்டு சட்டைகள், தைத்த நிறுவனம் வேறாக இருந்தால், ஒரே தோளில் ஒரே மாதிரி உட்காருவதில்லை. அதை ஏற்றுக்கொள்பவர்கள் கூட, 5600 என்ற எண் மட்டும் எல்லாக் கேமராக்களுக்கும் பொதுவான ஒரு சத்தியம் என்று நம்புகிறார்கள். அப்படி ஒரு சத்தியம் இல்லை.

எண்ணை நம்புகிறவர்கள் அந்த எண்ணின் இயல்பையாவது அறிந்திருக்கிறார்களா என்றால், அதுவும் பெரும்பாலும் இல்லை. ‘முந்நூறு கெல்வின்தானே வித்தியாசம்’ என்பார்கள். கெல்வின் அளவுகோலில் ஒரே இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே நிறமாற்றத்தைத் தருவதில்லை. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்தால் வரும் மைரெட் என்ற அளவுதான் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். 3000-க்கும் 3300-க்கும் இடையே ஏறக்குறைய 30 மைரெட் இருக்கிறது. 6500-க்கும் 6800-க்கும் இடையே 7 கூட இல்லை. பகலொளியில் யாரும் கவனிக்காத பிசகு, மஞ்சள் விளக்கின் கீழ் முகத்தில் அறைந்தாற்போலத் தெரியும். ஆகவே விளக்கொளியில் எடுக்கும்போது, ‘ஏறத்தாழ’ என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரு கோட்டைப் பற்றிய பேச்சு மட்டுமே. பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே ஓடும் இன்னொரு கோட்டைக் கெல்வின் எண் தொடுவதே இல்லை. அதற்கு டின்ட் என்று ஒரு தனி அமைப்பு இருக்கிறது. பல கேமராக்களில் அது மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கும். அந்த மூன்றாம் கேமராவின் முகத்தை, நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று வரைந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் பார்த்தபோது, சருமத்துக்கு உரிய கோட்டிலிருந்து அது பச்சைப் பக்கம் சாய்ந்து கிடந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. கேமராவின் வொயிட் பேலன்ஸ் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் 5600. அதற்கு அடுத்த பக்கத்தில் சின்னக் கட்டங்கள் போட்ட சதுரம். நடுவில் இருக்க வேண்டிய புள்ளி நடுவிலிருந்து மூன்று கட்டம் தள்ளிப் பச்சைப் பக்கம் உட்கார்ந்திருந்தது. எப்போதோ யாரோ வேறொரு விளக்கின் கீழ் நகர்த்திவிட்டு, பிறகு நடுவுக்குக் கொண்டுவர மறந்திருக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தவர் கண்ணில் அந்தப் புள்ளி படவே இல்லை.

இரண்டாம் கேமராவின் இளஞ்சிவப்புக்குக் காரணம் அதன் முன்னே மாட்டியிருந்த என்டி ஃபில்டர். பிறகு வண்ணம் திருத்துவதற்கென்று மங்கலாகப் பதிவு செய்யும் லாக் முறையில், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாததால், சன்னலருகே இருந்த அந்தக் கேமராவில் மட்டும் ஒரு மலிவான ஃபில்டரைத் திருகி வைத்திருக்கிறார். ஒளியைக் குறைக்க வேண்டிய கண்ணாடி ஒளியோடு நிறத்தையும் தொட்டுவிட்டது. லென்ஸ்களும் இப்படித்தான், ஒன்று சற்றே இளஞ்சூடாகவும் இன்னொன்று சற்றே குளிர்ச்சியாகவும் காட்டும். எண்ணை வைத்து முடித்த பிறகு கண்ணாடியை மாற்றினால், அந்த எண்ணுக்கு என்ன மரியாதை?

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் வைத்து எடுப்பவர்களிடம் எனக்கு நீண்ட விவாதம் இல்லை. ஆட்டோ என்பது ஃபிரேமுக்குள் இருப்பதைப் பார்த்து ஒளியை ஊகிக்கும் வேலை. மூன்று கேமராக்கள் மூன்று வெவ்வேறு ஃபிரேம்களைப் பார்ப்பதால் ஊகமும் மூன்றாகத்தான் இருக்கும். இன்னொரு பதிவில் ஒரு பெண்மணி பேசிக்கொண்டே நீல நிற அட்டைக் கோப்பு ஒன்றைக் கேமராவுக்கு நேராக உயர்த்திக் காட்டினார். ஒளியே நீலமாகிவிட்டது என்று கேமரா முடிவு செய்துகொண்டது. நான்கு நொடிகளில் அவர் முகம் மஞ்சளாகி, கோப்பு கீழே இறங்கிய பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பியது. ஒரே கிளிப்புக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும் பிழையை நொடிக்கு நொடி பின்தொடர்ந்து திருத்த வேண்டும். தயவுசெய்து ஆட்டோவை அணைத்துவிடுங்கள்.

‘லாக்கில் எடுத்திருக்கிறோம், பிறகு எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்’ என்பது அடுத்த நம்பிக்கை. லாக் வேறு, ரா வேறு. சென்சார் தந்ததை அப்படியே சேமிக்கும் ராவில் வொயிட் பேலன்ஸ் என்பது படத்தோடு சேர்த்து எழுதி வைத்த ஒரு குறிப்பு. அதை அழித்து வேறு குறிப்பு எழுதலாம். லாக்கிலோ, சேனல்களைப் பெருக்கும் வேலை முடிந்த பிறகுதான் படம் சுருக்கப்பட்டுப் பதிவாகிறது. பத்து பிட் பதிவில் ஒரு சேனலுக்கு 1024 படிகள் இருப்பதால் ஓரளவு இழுத்துப் பிடிக்கலாம். எட்டு பிட்டில் இருப்பவை 256தான். நெற்றியில் சிவப்புச் சேனல் ஏற்கெனவே உச்சியில் முட்டி நின்றுவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எந்த மென்பொருளாலும் இயலாது.

சரி, வெள்ளையான ஒன்றைக் கேமராவுக்குக் காட்டி அளவெடுக்கும் கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுக்கிறேன் என்று முன்வருபவர்கள் அடுத்துக் கையில் எடுப்பது ஒரு வெள்ளைத் தாள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாம் எழுதும் தாள் உண்மையில் அவ்வளவு வெள்ளை இல்லை; வெள்ளையாகத் தோன்றுவதற்காக அதில் ஒளிரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்கின்றன. சன்னல் ஒளியில் புற ஊதா உண்டு, வெள்ளை எல்இடி விளக்கில் அது மிகக் குறைவு என்பதால், அதே தாள் சன்னலருகே நீலமாகவும் விளக்கடியில் அப்படி அல்லாமலும் நடந்துகொள்ளும். நீலமான தாளை வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தால், அது காட்சி முழுவதையும் மஞ்சளாக்கித் தரும். சலவைத் தூளிலும் இதே பொருள்கள் இருப்பதால் வெள்ளைச் சட்டையும் சாட்சிக்கு உதவாது. போதாக்குறைக்கு, தாள் மிகையாக வெளிச்சம் வாங்கி ஏதாவது ஒரு சேனல் உச்சியைத் தொட்டுவிட்டால், கேமரா கணக்குப் போடுவதே பொய்யான அளவை வைத்துத்தான். நடுநிலையான சாம்பல் நிறமாகத் தயாரிக்கப்பட்ட கிரே கார்டு இருப்பது இதற்காகத்தான். கேமராவும் லென்ஸும் வாங்கியவருக்கு அந்த அட்டை ஒரு செலவே அல்ல.

அட்டை இருந்தும் கெடுப்பவர்கள் உண்டு. பேசுபவரின் ஒரு கன்னத்தில் சன்னல் ஒளி, மறு கன்னத்தில் மஞ்சள் விளக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கேமராவுக்கும் நிற்பவர் ‘அட்டையை இந்தப் பக்கம் திருப்புங்கள்’ என்கிறார். அட்டையைப் பிடித்திருப்பவரும் பணிவோடு திருப்புகிறார். இடப்பக்கக் கேமரா பார்த்தது பெரும்பகுதி சன்னலை, வலப்பக்கக் கேமரா பார்த்தது பெரும்பகுதி விளக்கை. ஒவ்வொன்றும் தான் பார்த்த கலவையை வெள்ளை என்று எடுத்துக்கொண்டது. முறைப்படி செய்த வேலையே மூன்று கேமராக்களையும் பிரித்துவிட்டது. அட்டையைப் பேசுபவரின் முகம் இருக்கும் இடத்தில், முதன்மை ஒளியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். அது அசையக் கூடாது. ஒவ்வொரு கேமராவும் தன் இடத்திலிருந்தே ஜூம் செய்து அந்த அட்டையைப் பார்க்கட்டும். முடிந்தால் அதற்கும் முன்னதாக அந்த மஞ்சள் விளக்கை அணைத்துவிடுங்கள், அல்லது அதன் முன் ஜெல் எனப்படும், ஒளி ஊடுருவும் நீலத் தாளைக் கட்டுங்கள். கலப்பு ஒளியை எந்த வொயிட் பேலன்ஸும் தீர்த்துவைக்காது.

ஒரு காலத்தில் தொலைக்காட்சி ஸ்டூடியோக்களில் இதற்கென்றே ஒரு பொறியாளர் இருப்பார். எல்லாக் கேமராக்களையும் ஒரே சாம்பல் படிநிலை அட்டையை நோக்கித் திருப்பச் சொல்லி, கட்டுப்பாட்டு அறையில் ஒரே மானிட்டரில் மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றோடொன்று சேர்த்த பிறகுதான் நிகழ்ச்சி தொடங்கும். கேமரா சிறியதானதும் அந்த நாற்காலியை எடுத்துவிட்டோம். அந்த வேலை மட்டும் எங்கும் போகாமல் இப்போது என் மேசையில் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. படப்பிடிப்பில் எரியப்போகும் விளக்குகளை எல்லாம், எரியப்போகும் அதே பிரகாசத்தில் எரியவிடுங்கள். சாதாரண மஞ்சள் பல்பை மங்கச் செய்தால் அதன் நிறமும் மாறும். படத்தின் நிறமும் தோற்றமும் எப்படிப் பதிவாக வேண்டும் என்று சொல்லும் பிக்சர் ப்ரொஃபைல் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். டின்ட் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டரை மாட்டிய பிறகே அளவெடுங்கள், அளவெடுத்த பிறகு கழற்றாதீர்கள். ஒரே மாடல் கேமராக்கள் என்றால் ஒன்றில் கிரே கார்டை வைத்து எடுத்த கெல்வினையும் டின்டையும் மற்றவற்றில் எண்ணாக ஏற்றிப் பாருங்கள். வெவ்வேறு மாடல்கள் என்றால் எண்ணை மறந்துவிட்டு ஒவ்வொன்றிலும் அதே கார்டை வைத்துத் தனித்தனியாக எடுங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்து ‘மேட்ச் ஆகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள், ஏனென்றால் மூன்று திரைகளும் மூன்று விதம். ஒரே மானிட்டரை ஒவ்வொன்றிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். கைப்பேசி நான்காவது கேமராவாக வருகிறது என்றால், வொயிட் பேலன்ஸைப் பூட்டிவைக்கக்கூடிய செயலியில் எடுங்கள், இல்லையேல் அதை மேசை மீதே வைத்துவிடுங்கள்.

மாலை நெருங்கும்போது சன்னல் ஒளி மாறும். அதைக் கண்டு ஒருவர் மட்டும் பதற்றத்தில் தன் கேமராவை மாற்றக் கூடாது. மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் எனக்குப் பத்து நிமிட வேலை. ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்குச் சரியாக இருந்தால் இரண்டு நாள் வேலை. இடைவேளை வந்ததும் கார்டை மீண்டும் ஒருமுறை மூன்றிலும் பதிவு செய்யுங்கள், அது போதும்.

மூன்று கேமராவிலும் சாம்பல் நிறம் ஒத்துப்போய்விட்டால் சிவப்பும் நீலமும் தாமாக ஒத்துப்போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். வெவ்வேறு சென்சார்கள், அதிலும் தரமற்ற எல்இடி ஒளியில், ஒரே துணியை இரு நிறமாகப் பார்க்கும். 1976-இல் அறிமுகமான, 24 நிறக் கட்டங்கள் கொண்ட அந்தக் கலர் சார்ட் இன்றும் வழக்கில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கிரே கார்டை அடுத்து அதையும் பத்து நொடிகள் மூன்று கேமராவிலும் ஓடவிடுங்கள்.

எடிட்டர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. போன மாதம் ஒரு குழு இவை அத்தனையையும் ஒழுங்காகச் செய்திருந்தது. கார்டு, சார்ட், இடைவேளையில் மறுபடி கார்டு. என்னிடம் வந்த டைம்லைனில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பேச்சு தொடங்குவதற்கு முன் யாரோ அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தேவையற்ற பகுதி என்று முதல் நாளே வெட்டி எறிந்திருக்கிறார்கள். அந்தப் பத்து நொடிகளை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள்; தனிக் கிளிப்பாக இருந்தாலும் சரி, தலைகீழாகப் பிடித்த அட்டையாக இருந்தாலும் சரி.