ஈரம் தெரிவது ஓரிடம், மழை நுழைவது வேறிடம்

லண்டனுக்கு வெளியே மோட்டார்ஹோம், கேரவன் என்று படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி இருக்கும் வண்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இங்கே கோடை முடிந்து மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: "வண்டிக்குள்ள ஒரு வாடை அடிக்குது." ஈரத்துணி வாடை வந்தால் தயவுசெய்து வாசனை ஸ்ப்ரே வாங்கப் போகாதீர்கள். சுவருக்குள் மரம் இற்றுப்போக ஆரம்பித்திருக்கலாம்.

பழைய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் சுவர் இப்படித்தான் இருக்கும்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஃபைபர், நடுவில் மரச்சட்டமும் தெர்மோகோலும், உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் ஒட்டிய வினைல் தாள். இந்தத் தாள் லேசில் தண்ணீரை விடாது. அதனால் உள்ளே மரம் நன்றாக ஊறிய பிறகுதான் நம் கண்ணுக்கு ஒரு கறை தெரியும்.

போன அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற பிறகு ஆசையாக வாங்கிய பழைய வண்டி. பின்பக்க இருக்கைக்கு மேல், ஜன்னலின் கீழ்மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். "யன்னலாலதான் தண்ணி வருது தம்பி. மூண்டு தரம் சிலிக்கன் பூசிப்போட்டன்" என்றார். சிலிக்கன் என்றால் இடுக்கை அடைக்கப் பூசும் ரப்பர் மாதிரிப் பசை. கறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சுவர் பொதபொதவென்று உள்ளே போனது.

"அண்ணை, ஜன்னலை விடுங்கோ, மேல பாப்பம்" என்று சொல்லி ஹோஸை எடுத்தேன். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம், ஆனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே அலமாரிகளைக் காலி செய்துவிட்டு டார்ச்சோடு உட்கார வேண்டும். மற்றவர் வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் ஜன்னலின் அடிப்பகுதி, பத்து நிமிடம். அப்புறம் பக்கவாட்டு, மேல்விளிம்பு, கடைசியில் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எந்த இடுக்கில் நுழைந்தது என்றே தெரியாமல் போகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் கூடவே கூடாது, நன்றாக இருக்கும் இணைப்பையும் அது கிளப்பிவிடும்.

ஜன்னலில் அரை மணி நேரம் தண்ணீர் விட்டும் உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. கூரை ஓரத்தில் வெயில்மறைப்பு மாட்டும் ஆனிங் ரெயில் மேல் விட்டதும், கொஞ்ச நேரத்தில் அதே மூலையில் துளிர்த்தது. ரெயிலின் ரப்பர் பட்டையை உருவி ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன். துருவேறிய ஸ்க்ரூவோடு காப்பித்தூள் போலக் கறுத்த மரத்தூளும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்த அந்த ஓட்டையில் நுழைந்த மழை, சட்டத்தின் மேலேயே ஓடி ஜன்னல் மூலையில் இறங்கியிருக்கிறது. அவர் பூசிய சிலிகானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சிலிகானைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஓடும் வண்டி முறுக்கிக்கொண்டே இருக்கும், சிலிகான் ஓரத்தில் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் வேறு எந்த அடைப்புப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் சிலிகானாக இருந்தால் அலுமினியத்தையும் அரிக்கும். இந்த மாதிரி இணைப்புகளுக்குப் பியூட்டில் டேப் என்ற ஒட்டும் ரப்பர் பட்டைதான் சரி, அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். ரெயிலை முழு நீளத்துக்கும் கழற்றி, பழையதைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, துடைத்துக் காயவிட்டு, டேப் ஒட்டி முடுக்க வேண்டும். ஓரத்தில் டேப் பிதுங்கி வர வேண்டும். ஓரிரு நாள் கழித்து ஸ்க்ரூக்களை இன்னொரு தரம் இறுக்கிய பிறகுதான் பிதுங்கியதை வெட்டி எடுப்பேன்.

கூரை ஜன்னல், உச்சியில் இருக்கும் சின்ன விளக்குகள், சோலார் வயர் இறங்கும் ஓட்டை, பின்பக்க மூலை இணைப்பு ஆகியவையும் அடிக்கடி ஒழுகும் இடங்கள்.

ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. 15 சதவீதத்துக்குள் காட்டினால் கவலை வேண்டாம். 20ஐத் தாண்டினால் தேட ஆரம்பியுங்கள். 30க்கு மேல் போனால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த காலையில் ஜன்னலில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் மட்டும் பெரும்பாலும் நம் மூச்சும் சமையல் ஆவியும்தான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தரையில், கேஸ் அடுப்புப் பக்கம் சின்னத் திறப்புகள் இருக்கும். "இதுவழியாத்தான் ஈரம் வருது" என்று அவற்றை அடைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அது வெளியே போக வைத்த வழிதான் இந்தத் திறப்புகள். அடைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள்.

அண்ணையின் வண்டிக்கு வெளிப்பக்கத்தை அடைத்த பிறகு உள்பக்க பிளைவுட்டை வெட்டி எடுத்தோம். தெர்மோகோலைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. சட்டத்தில் இரண்டடிக்கு மரம் மாற்றினேன். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் வைத்து மூன்று வாரம் உலர்த்திய பிறகுதான் சுவரை மூடினேன். இப்போது பெரிய மழை பெய்த மறுநாள் அவரிடமிருந்து மீட்டர் படம் ஒன்று வந்துவிடும். போன வாரம் வந்ததில் 12.