டைப்-சி கேபிளுக்குள் நடக்கும் பேச்சு

லேப்டாப்புக்கான 65 வாட் டைப்-சி சார்ஜர் 20 வோல்ட் வரை தரக்கூடியது. போன் பேட்டரியோ நான்கு வோல்ட்டைச் சற்றே தாண்டும். ஆனாலும் அந்தச் சார்ஜரைப் போனில் செருகினால் போனுக்கு ஒன்றும் ஆவதில்லை. பழைய உருண்டை முனைச் சார்ஜரில் இப்படிச் செய்து பார்க்கவே முடியாது. சுவிட்சைப் போட்டதுமே அதன் முனையில் 19 வோல்ட் வந்து நிற்கும்; எதிரே இருப்பது என்ன கருவி என்று பெரும்பாலும் கேட்காது. முனை பொருந்துகிறதே என்று வேறு சார்ஜரைச் செருகினால் மதர்போர்டே போய்விடலாம். டைப்-சி கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும். எப்படிக் கேட்கிறது என்று புரிந்துவிட்டால், எந்தக் கேபிளை நம்பலாம் என்பதும் புரிந்துவிடும்.

டார்ச் அடித்து லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டைப் பாருங்கள். நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன் மேல்பக்கம் 12, கீழ்ப்பக்கம் 12 என 24 பின்கள். மின்சாரம் வந்துபோக எட்டு, மற்றவற்றில் பெரும்பாலானவை தரவுக்கு. பேச்சு நடப்பது ‘சிசி’ எனப்படும் இரண்டு பின்களில். கேபிளுக்குள் அதற்கென ஓடும் கம்பி ஒன்றுதான். அது இரண்டில் எந்தப் பின்னில் வந்து சேர்கிறது என்பதை வைத்தே, பிளக் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது என்பது கருவிக்குத் தெரிகிறது.

மின்சாரம் வாங்க வேண்டிய கருவி, தன் சிசி பின்கள் ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை வைத்திருக்கும். சார்ஜர் அதை உணரும்வரை மின்கம்பியில் பூஜ்ஜிய வோல்ட்தான். உணர்ந்ததும் 5 வோல்ட் மட்டும் வரும். அதன்பிறகு அந்த ஒற்றைக் கம்பியில் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் பிட் வேகத்தில் செய்திகள் ஓடும். தன்னால் 5, 9, 15, 20 வோல்ட் தர முடியும் என்று சார்ஜர் பட்டியல் சொல்லும். லேப்டாப் 20-ஐக் கேட்கும், போன் 9-ஐயோ 5-ஐயோ கேட்கும். இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வோல்ட் ஏறும். கேபிளைப் பிடுங்கினால் மறுபடியும் பூஜ்ஜியம். 2021-இல் வந்த திருத்தம் இந்த உச்சவரம்பை 48 வோல்ட், 240 வாட் வரை உயர்த்தியது.

இந்தப் பேச்சில் கேபிளுக்கும் பங்கு உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் தாங்கும் கேபிளின் பிளக்குக்குள் ஒரு சிறு சிப் இருந்து, “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று அறிவிக்கும். சிப் இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும்; 20 வோல்ட்டில் அது 60 வாட். 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாக சார்ஜ் ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

2019-இல் வெளிவந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினி இதற்கு நல்ல உதாரணம். அதில் இரண்டு சிசி பின்களுக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்துவிட்டார்கள். சிப் உள்ள கேபிளைச் செருகியபோது கணக்கு குழம்பி, எதிரே இருப்பது ஒலிக்கருவி என்று முடிவுசெய்த சார்ஜர் மின்சாரமே தரவில்லை. சாதாரணக் கேபிளில் அதே பலகை ஒழுங்காக ஓடியது! அடுத்த பதிப்பில் திருத்தினார்கள். சந்தேகம் வந்தால் கொடுக்காதே என்பது இந்த வடிவமைப்பின் அடிப்படை விதி. எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஆனால் கேபிளே பொய் சொன்னால் விதி தோற்றுவிடும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் சந்தைக் கேபிள்களை வாங்கிச் சோதித்தார். ஒருமுனை பழைய செவ்வக யூஎஸ்பியாக உள்ள கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். பலவற்றில் 10 கிலோ ஓம் இருந்தது. அதற்கு “3 ஆம்பியர் எடுத்துக்கொள்” என்று பொருள். போன் அதை நம்பி இழுக்க, அவ்வளவு தர முடியாத லேப்டாப் போர்ட் திணறும். 2016 தொடக்கத்தில் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியும் கிரவுண்டும் இடம்மாறியே இருந்தன. அவருடைய லேப்டாப் அதோடு போயிற்று.

இன்னொரு பலவீனம் இடநெருக்கடி. பின்களுக்கு இடையே அரை மில்லிமீட்டர்தான், அதிலும் மின்சாரப் பின்னுக்குப் பக்கத்திலேயே சிசி பின். ஈரமோ உலோகத் தூசியோ இரண்டையும் இணைத்துவிட்டால் 20 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். பிளக்கைச் சாய்த்துப் பிடுங்காதீர்கள். காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மலிவான இணைப்பான்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை சற்று நகர்ந்து ஒட்டினாலும் இதே ஆபத்து. போர்ட்டில் பஞ்சு அடைத்திருந்தால் சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிட்டு, மரக் குச்சியால் மெதுவாக எடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம். நனைந்திருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும்.

கடையில் கேபிள் வாங்கும்போது அதன்மீது 60 வாட் அல்லது 240 வாட் என்ற யூஎஸ்பி சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். 240 வாட் தாங்கும் கேபிளிலும் தரவு வேகம் பழைய யூஎஸ்பி 2-இன் 480 மெகாபிட் அளவிலேயே இருக்கலாம். சார்ஜுக்கு மட்டும் என்றால் அதுவே போதும்.