மராமத்து: பழுதுபார்ப்பதா, கட்டுவதா?

பழைய அரசு ஆவணங்களைப் புரட்டுகிறவர்கள் கண்ணில் 'மராமத்து இலாகா' என்ற பெயர் படாமல் போகாது. இன்று பொதுப்பணித் துறை என்று நாம் சொல்வதைத்தான் அன்று அப்படிச் சொன்னார்கள். மரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூலம் அரபு. பழுதுபார்ப்பதைக் குறிக்கும் 'ரம்ம' என்ற வேரிலிருந்து பிறந்தது 'மரம்மத்'. அது பாரசீகம், உருது வழியாக நிர்வாக மொழிக்குள் நுழைந்து, தமிழில் 'மராமத்து' ஆனது. பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதற்கு அரபியில் இன்று வழங்கும் 'தர்மீம்' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்ததுதான். கூட ஒட்டிக்கொண்டிருக்கும் 'இலாகா'வும் அரபுதான்.

இந்தியிலும் உருதுவிலும் தெலுங்கிலும் இந்தச் சொல் இன்னும் பழுதுபார்ப்பதைத்தான் குறிக்கிறது. கடிகாரம் நின்றுபோனாலும் மரம்மத்துதான். பொருள் விரிந்தது சென்னை மாகாணத்தில். இங்கே பழுதுபார்ப்பதோடு நிற்காமல், அரசு செய்கிற கட்டுமானம் எல்லாவற்றுக்கும் மராமத்து என்ற பெயர் வந்துவிட்டது. மலையாளத்தில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. கேரள அரசின் பொதுப்பணித் துறைக்கு அதிகாரப்பூர்வப் பெயரே 'பொதுமராமத்து வகுப்பு'தான்.

ஏன் இப்படி விரிந்தது? இந்தப் பகுதியில் அரசு பார்த்த பெரிய வேலை ஏரியும் கால்வாயும் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். ஏரியை ஒருமுறை வெட்டினால் போதும். கரையையும் மதகையும் மிகை நீர் வழிந்தோடும் கலங்கையும் வரத்துக் கால்வாயையும் ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். பழுதுபார்ப்பதே முதன்மை வேலையாக இருந்த இடத்தில் அந்தப் பெயரே துறைக்கும் நின்றுவிட்டது.

இதன் கிளைச் சொல்தான் குடிமராமத்து. குடிகள், அதாவது ஏரிப் பாசனத்தில் பயிர் செய்கிறவர்கள், தாங்களே கூடிச் செய்யும் வேலை. கால்வாயில் படிந்த வண்டலை அள்ளுவது, கரையில் மழை அரித்த இடத்தை மண் போட்டு நிரப்புவது, செடிகொடிகளை வெட்டுவது எல்லாம் இதில் அடங்கும். கரை உடைந்தாலோ மதகு இடிந்தாலோ அது அரசின் பொறுப்பு. சென்னை மாகாணத்தில் பொதுப்பணித் துறை அமைந்தது 1858-இல். ஏரி, கால்வாய் வேலைகளுக்கு ஊராரைக் கட்டாயமாக வரவழைக்க வழிசெய்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஊர் தானாகச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், வழக்கம் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும்!

2017-இல் தமிழ்நாடு அரசு இதே பெயரில் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். செலவில் 10 விழுக்காட்டைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் குடிகளின் வேலை என்று பெயர் இருந்தாலும், அரசுப் பணம் வந்ததும் அது அரசு வேலைதான். மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம் எல்லாம் கூடவே வரும். தூர்வாரும் வேலையில் இந்த அளவுப் புத்தகம்தான் உயிர். மண்ணை அள்ளுவதற்கு முன்பே தரைமட்டத்தை அளந்து எழுதியிருக்க வேண்டும். தோண்டும்போது நடுநடுவே மண் திட்டுகளைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். பழைய மட்டம் இதுதான் என்று அவை காட்டும். இரண்டும் இல்லாமல் மழை வந்து ஏரி நிறைந்துவிட்டால், எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வேலை செய்தவர் கொடுத்த செலவுப் பட்டியல்தான் கணக்கு.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? அரபு வார்த்தை வருவதற்கு முன்பும் ஏரி இருந்தது, பழுதும் இருந்தது. முதல் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஐச் சேர்ந்தவை, ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்ற குழுவைச் சொல்கின்றன. ஆறு பேர், 360 நாள் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது. பொதுப் பணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடக் கறாரான விதியை இன்றைய ஒப்பந்தங்களில்கூடப் பார்ப்பது அரிது. ஏரிப் பராமரிப்புக்கு ஒதுக்கிய நிலம் 'ஏரிப்பட்டி'. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலம் 'புதுக்குப்புறம்'. புதுக்கு என்ற வினையிலிருந்து பிறந்த அழகான சொல் அது.

இன்று எழுதும்போது மராமத்துக்கு ஒரே மாற்றுச் சொல் தேடுவது சரிவராது என்பது என் கருத்து. அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று நான்கு வேலைகள் இருக்கின்றன. வெள்ளையடிப்பது, ஓட்டை அடைப்பது மாதிரி ஆண்டுதோறும் செய்வது பராமரிப்பு. உடைந்ததைச் சரிசெய்வது செப்பனிடுதல், அல்லது பழுதுபார்ப்பு. கூரைத் தளத்தையே பெயர்த்துப் புதிதாகப் போடுவது புதுப்பித்தல். இல்லாததை எழுப்புவது கட்டுமானம். அப்புறம், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் பொதுப்பணி இருக்கிறது.

இந்தப் பிரிவினை வெறும் அகராதி விஷயம் இல்லை. அரசுக் கணக்கில் புதிய கட்டுமானம் மூலதனச் செலவு. பராமரிப்பு வருவாய்ச் செலவு. நிதி வரும் தலைப்பே வேறு. கோப்பில் பொத்தாம்பொதுவாக 'மராமத்துப் பணி' என்று எழுதினால், படிக்கிறவர் எந்தத் தலைப்பில் பணம் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார். கோப்பும் திரும்பி வரும். பள்ளிக் கட்டடத்தின் ஒழுகல் அடுத்த மழைவரை காத்திருக்கும். 'வகுப்பறைக் கூரை செப்பனிடுதல்' என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

குடிமராமத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்பேன். வேர் அரபு என்றாலும், முன்னால் நிற்கும் 'குடி' சேர்ந்த பிறகு அது இந்த மண்ணின் நடைமுறைக்கே உரிய பெயராகிவிட்டது. 'மக்கள் பங்கேற்புப் பராமரிப்பு' என்று எழுதினால் பொருள் புரியும். ஏரி நினைவுக்கு வராது.

எழுதும்போது கவனிக்க: 'மராமத்' என்றும் 'மரமத்து' என்றும் சிலர் எழுதுகிறார்கள், வழக்கில் நிலைத்தது 'மராமத்து'. குடிமராமத்து ஒரே சொல்லாகச் சேர்ந்து வரும். அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: மராமத்துப் பணி, மராமத்துச் செலவு, மராமத்துத் துறை.