ஒன்பதாம் தேதி: நான்காம் மாதம் தாண்டிய கர்ப்பிணிகளுக்கான இலவசப் பரிசோதனை

மசக்கை அடங்கி, சோறு கொதிக்கும் வாசனை மறுபடி பிடிக்க ஆரம்பிப்பது நான்காம் மாதத்தில். ஐந்தில் வயிறு தெரியும், ஆறில் பிள்ளை உதைப்பது நன்றாகப் புரியும். உடம்பு கொஞ்சம் இலகுவாக இருக்கும் மாதங்கள் இவை. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் பெரும்பாலும் இப்போதுதான். "இப்ப நல்லாத்தான இருக்கேன், ஏழாம் மாசம் பாத்துக்கலாம்" என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் ரத்த சோகை, கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுமே ஆரம்பத்தில் வலி எதுவும் காட்டாமல் வளரக்கூடியவை.

இதற்காகவே 2016-இல் மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் பிரதம மந்திரி சுரக்ஷித் மாத்ருத்வ அபியான், அதாவது பாதுகாப்பான தாய்மைக்கான இயக்கம். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் தேதியை நினைவில் வையுங்கள்: ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி. அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள். நான்காம் மாதம் முதல் பிரசவம் வரை உள்ள கர்ப்பிணிகளை அன்று செவிலியர் மட்டுமல்லாமல் மருத்துவரும் நேரில் பார்க்க வேண்டும். எடை, பி.பி., ஹீமோகுளோபின், சிறுநீர், ரத்தச் சர்க்கரை, எச்.ஐ.வி., சிபிலிஸ் என எல்லாப் பரிசோதனையும் இலவசம். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். முதல் பிரசவமா மூன்றாவதா என்ற வரம்பும் கிடையாது. தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருப்பவரும் வரலாம். தாய் சேய் நல அட்டையையும், பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்த மாதங்களில் ஒரு ஸ்கேனாவது எடுக்கச் சொல்கிறது திட்டம். இதைத்தான் எல்லோரும் அனாமலி ஸ்கேன் என்கிறோம். மூளை, முதுகுத்தண்டு, இதயம், சிறுநீரகம் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது இதில்தான். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது. வாரக் கணக்கில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கக் காரணம் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் சில பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கும் மேல் போனால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தாக வேண்டும். ஆறாம் மாதக் கடைசியில் ஸ்கேன் எடுத்து, அதில் துயரமான செய்தி வந்தால், யோசித்து முடிவெடுக்கக்கூட அந்தக் குடும்பத்துக்கு நாள் இருக்காது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் இயந்திரம் இல்லையென்றால், எங்கே, எந்தத் தேதியில் எடுப்பது என்று கேட்டு அட்டையிலேயே குறித்து வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம்.

அடுத்தது சர்க்கரைத் தண்ணீர். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டிய அவசியம் இல்லை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னெடுத்த முறை இது. பேருந்து பிடித்து வரும் பெண்களைப் பட்டினி போடாமல் சோதிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம்! 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று அர்த்தம். பதிவு செய்யும்போது ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விடக்கூடாது.

என் தங்கையோடு இதற்காகப் போயிருந்தேன். டம்ளர் முழுக்கத் தித்திப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இருபதாவது நிமிடம் வாசல் வேப்பமரத்தடியில் அத்தனையும் வாந்தியாக வந்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதக்கா, ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போயிடலாம்" என்றாள். நான் போய்ச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் சோதனையைத் தொடரலாம் என்றார் நர்சம்மா. மறுநாள் எடுத்ததில் சர்க்கரை கூடியிருந்தது. சாப்பாட்டை மாற்றியதிலேயே அவளுக்குக் கட்டுக்குள் வந்தது. இரண்டு வாரத்தில் அப்படிக் குறையாதவர்களுக்கு மருந்தோ இன்சுலினோ தொடங்குவார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை தொடங்குவதும் நான்காம் மாதத்தில்தான். தினம் ஒன்று, பிரசவத்துக்குள் 180. பிரசவத்துக்குப் பிறகும் 180. கூடவே கால்சியம் தினம் இரண்டு, பூச்சி மாத்திரை ஒரே ஒரு தடவை. மாத்திரை கொடுப்பதில் பெரிய குறை இல்லை, விழுங்குவதில்தான் குறை. அரிசி டின்னுக்குப் பின்னால் உடைக்காத அட்டை மூன்று கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகிறதே என்ற பயம்தான் காரணம். இரும்புச்சத்து சாப்பிட்டால் அப்படித்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டீ, காபியோடு வேண்டாம். கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்த சோகை. 7-க்கும் கீழே போனால் மாத்திரையோடு நிற்காது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பார்த்து முடித்ததும் அட்டையில் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவது இந்தத் திட்டத்தின் முறை. பச்சை என்றால் ஆபத்து இல்லை. சிவப்பு என்றால் ஆபத்து மிகுந்த கர்ப்பம். நீலம் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு, மஞ்சள் சர்க்கரை, தைராய்டு போன்ற கூடுதல் நோய்களுக்கு. சிவப்பு ஒட்டிவிட்டார்களே என்று மாமியார் வீட்டில் அட்டையை மறைத்து வைக்காதீர்கள். ராத்திரி வலி வந்து வேறு ஊர் மருத்துவமனைக்குப் போனால், அங்கிருப்பவர்களுக்கு உங்களைப் பற்றி முதலில் சொல்வது அந்த நிறம்தான்.

பண உதவி தனி. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரொக்கம் 14,000 ரூபாயும், மொத்தம் 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. இதற்கு வரம்பு இருக்கிறது: வயது 19 நிறைந்திருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி எண் இல்லாமல் எதுவும் நகராது. இன்னும் பதியவில்லையென்றால் இன்றைக்கே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

தலைப்பிரசவக்காரர்களுக்குப் பிள்ளை அசைவு 18 முதல் 20 வாரத்தில் தெரியவரும், முதலில் வயிற்றுக்குள் மீன் துள்ளுவது போல. அசைவு நன்றாகப் பழகிய பிறகு திடீரென்று குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணீர் கசிந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ 9-ஆம் தேதிக்குக் காத்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, அட்டையோடு கிளம்புங்கள்.